சொல்லாமல் விற்ற பாதி

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
19 ஜூலை 2024

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

அருள்செல்வி அக்கா எழுதுவது. இங்கே நானும் அவரும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பதினேழு நாளாகப் போனை எடுக்காதவளைப் பற்றி வேறு என்ன நினைக்க முடியும்?

ராஜபாளையத்துக்கும் இங்கேயும் நடுவில் பதினோரு கிலோமீட்டர். இதற்குப் போய்க் கடிதம் போடுகிறவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவள், கை அங்கேதான் போகிறது. பஸ் ஏறி வந்துவிடலாம். வந்து, நீ கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

நம் வங்கி மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்ட அன்றைக்கே உனக்குப் போன் அடித்தேன். மாதம் ஐம்பதாயிரத்துக்கு மேல் யாரும் எடுக்க முடியாது என்றதும் ஊரே பயந்துவிட்டது. ஐம்பத்தெட்டு ரூபாய் விற்ற பங்கு ஒன்பது ரூபாய்க்கு வந்து நிற்கிறது. நீ அதைப் பார்த்துப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும்.

கொஞ்சம் பொறுமையாகப் படி. நீ வங்கியில் போட்டு வைத்திருக்கும் டெபாசிட் வேறு, வாங்கிய பங்கு வேறு. டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பங்குக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு பெரிய கம்பெனிகள் பணம் போட்டு வங்கியைத் தூக்கி நிறுத்தப் பேச்சு நடப்பதாகச் செய்தி வருகிறது. நடந்தால் பங்கு பிழைக்கும். நடக்காவிட்டால் ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். என் மனசு நடக்கும் என்றே சொல்கிறது. ஒன்பது ரூபாய்க்கு விற்றுவிடாதே.

அவருக்கு நெஞ்சில் போட்ட தையல் நன்றாக ஆறிவிட்டது. காலையில் கோயில் தெப்பம் வரை நடக்கிறார். உன்னை விசாரித்தார்.

பதில் போடு. இரண்டு வரி போதும்.

அன்புடன்,
அருள்செல்வி

*

ராஜபாளையம்.
27 ஜூலை 2024

அக்காவுக்கு ஈஸ்வரி எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. அண்ணன் நடக்கிறார் என்று கேட்டு நிம்மதி. மதுரையில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உங்களோடு நான் உட்கார்ந்திருந்த அன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் எழுந்து நடப்பார் என்று நினைக்கவில்லை.

நான் போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. எடுத்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அந்த நாலாயிரம் பங்கும் என் வீட்டுக்காரர் செத்த பிறகு மில்லில் கொடுத்த பணம். இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக வேலை பார்த்ததற்கு மில் கொடுத்தது. அதை நான் எதற்கு வைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தளவாய்புரத்தில் வெள்ளைத்தாயின் ஷெட்டைப் பிடித்து, பவர் மிஷின் நாலு போட்டு, நைட்டி தைக்கிற வேலையை நானே எடுத்துச் செய்ய வேண்டும் என்று. இப்போதும் ஒரு பீஸுக்கு இத்தனை என்று அடுத்தவர்களுக்குத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்குள் ஷெட்டை எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். வெள்ளைத்தாயிடம் இனி என்ன சொல்வது?

போன வாரம் வங்கிக்குப் போனேன். தெருமுனை வரை வரிசை நிற்கிறது. எனக்கு முன்னால் நின்ற சேத்தூர் அம்மா, மகள் கல்யாணத்துக்குப் போட்ட பணம் என்று கையில் பத்திரிகையோடு வந்திருந்தார். அந்தக் கேஷியர் பெண்ணைத் திட்டவும் அவருக்கு மனசு வரவில்லை. "நீ என்ன தாயி செய்வ, ஒனக்கும் சம்பளம் இங்கனதான போடுதாவ" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் சத்யப்பிரியா கோயம்புத்தூரிலிருந்து தினமும் பேசுகிறாள். வந்தவரைக்கும் லாபம், விற்றுவிடு என்கிறாள். உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் நான் கெட்டேன் என்றும் சொன்னாள். அதற்கு அவளோடு சண்டை போட்டேன். அக்கா பணமும் அதே வங்கியில்தான் கிடக்கிறது, அவர்கள் தெரிந்தே என்னைத் தள்ளிவிடுவார்களா என்று கேட்டேன்.

எனக்கும் அது ஒன்றுதான் ஆறுதல். நீங்கள் வைத்திருக்கிற வரை நானும் விற்கவில்லை.

ஈஸ்வரி

*

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
2 ஆகஸ்ட் 2024

ஈஸ்வரி,

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன். எழுதாமல் விட்டிருந்தால் உனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது மூவாயிரம் பங்கு. அதில் ஆயிரத்து ஐந்நூறை மே மாதம் இருபதாம் தேதி ஐம்பத்தோரு ரூபாய்க்கு விற்றுவிட்டேன்.

அவர் ஆபரேஷனுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஆபரேஷனுக்குத் தபால் ஆபீஸ் டெபாசிட்டை உடைத்திருக்கலாம். அந்த மாதம் வங்கியின் காலாண்டுக் கணக்கு வந்தது. பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு படித்தேன். வராக்கடன் மூன்றாவது தடவையாக ஏறியிருந்தது. ஏதோ சரியில்லை என்று பட்டது. இவ்வளவு தூரம் போகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் பயந்தேன், விற்றேன்.

உனக்குச் சொல்லவில்லை. நான்தான் உன்னை வாங்க வைத்தேன். தெற்குச் சீமை வங்கி, வருஷம் தவறாமல் டிவிடெண்ட் வரும் என்று உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னேன். இப்போது போய் விற்றுவிடு என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று வெட்கப்பட்டேன். அடுத்த கணக்கில் சரியாகிவிடும், அதற்குள் எதற்குப் பயமுறுத்துவது என்று தள்ளிப் போட்டேன். ஜூன் மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். எனக்குத் தோசை வாங்கி வந்து கொடுத்தாய். அப்போதுகூடச் சொல்லவில்லை.

மீதி ஆயிரத்து ஐந்நூறு இன்னமும் என்னிடம் இருக்கிறது. போன கடிதத்தில் உன்னை விற்காதே என்று சொன்னது இந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான். அந்தப் புத்தியை நீ கேட்க வேண்டியதில்லை. சத்யப்பிரியா சொல்வதைக் கேட்டாலும் சரிதான்.

உன் வீட்டுச் சுவரை ஒட்டிப் பதினோரு வருஷம் குடியிருந்தேன். இப்படி ஒன்றை உனக்குச் செய்வேன் என்று நினைத்ததில்லை.

அருள்செல்வி

*

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
23 செப்டம்பர் 2024

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

நீ பதில் போடவில்லை. போடுவாய் என்று எதிர்பார்த்து இதை எழுதவில்லை. நேற்று நான் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பங்குதாரர் கூட்டம் என்று மருந்துக்கடை ஜெபக்குமார் செய்தி அனுப்பியிருந்தார். சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போகாமல் வந்தேன். நீ இரண்டாவது வரிசையில் இருந்தாய். நான் பின்னால் தூணை ஒட்டி நின்றேன்.

ஜெபக்குமார் நன்றாகத்தான் விளக்கினார். இரண்டு கம்பெனிகளும் பணம் போடச் சம்மதித்துவிட்டன, ஆனால் பங்குக்குப் பத்து ரூபாய்தான் தரும், புதுப் பங்குகள் வந்ததும் வங்கியில் நம்முடைய பாகம் சுருங்கிப்போகும், சம்மதமா இல்லையா என்று ஆன்லைனில் ஓட்டுப் போட வேண்டும் என்றார். அதற்குள் பஞ்சு கமிஷன் கடை சோலைச்சாமி எழுந்து, ஐம்பத்தெட்டு ரூபாய்ப் பங்கைப் பத்து ரூபாய்க்கு அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுக்க நாம் என்ன ஏமாளிகளா, எல்லாரும் வேண்டாம் என்று போடுங்கள் என்று பேசினார். பாதி மண்டபம் அவர் பக்கம் போனது.

அப்போது நீ எழுந்தாய். மைக் உன் கைக்கு வந்தது. பிறகு சொன்னாய்:

"நான் நைட்டி தைக்கிறவ. சுருட்டி வாற ஒரு தான் துணியில பாதி சாயம் போயிருந்தா, முழுசும் நல்லதா வேணும்னு அதத் தூக்கி எறிய மாட்டேன். நல்ல பாதிய வெட்டித் தைப்பேன். வேண்டாம்னு போட்டீயன்னா பேங்கு மூடிரும். பொறவு பத்து ரூவாயும் கெடையாது, ஒரு ரூவாயும் கெடையாது. எம்புட்டு மிஞ்சுதோ அம்புட்டு மிஞ்சட்டும்."

யாரும் கை தட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சோலைச்சாமி பேசியதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. முன்னால் இருந்த இரண்டு பேர், போனில் எப்படி ஓட்டுப் போடுவது என்று ஜெபக்குமாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீ விற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் முன்னால் வந்து நிற்கத் தைரியமில்லை. மழைக்கு முன்னால் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

நானும் சம்மதம் என்றே போட்டிருக்கிறேன்.

அருள்செல்வி

*

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
18 ஜனவரி 2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

ஓட்டில் சம்மதம் ஜெயித்து, இரண்டு கம்பெனிப் பணமும் வந்து, நேற்றோடு கட்டுப்பாடு எல்லாம் நீங்கிவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் இங்கே கிளையில் நான் பார்த்ததை எழுதுகிறேன். காலை பத்து மணிக்கே நாற்பது ஐம்பது பேர் நின்றோம். எல்லாரும் எடுக்கத்தான் வந்திருந்தார்கள். மேனேஜர் வெளியே வந்து, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பணம் இருக்கிறது, நின்று வாங்கிப் போங்கள் என்றார். முதல் பத்துப் பேர் எடுத்தார்கள். பதினோராவது ஆள் ஒரு பால்காரர். "குடுப்பியளா மாட்டியளான்னு பாக்கத்தான் வந்தேன், குடுக்கீயள்லா, அது போதும்" என்று சொல்லிவிட்டு ஒரு பைசா எடுக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வரிசை தானாகக் கலைந்தது. எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. ஆறரை மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

முழுசும் இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பங்கு பத்தொன்பதுக்கு வந்திருக்கிறது. மெதுவாக ஏறும் என்றுதான் படுகிறது. இனி இதைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல மாட்டேன். அவருக்கு இரத்த அழுத்தம் சரியாகிவிட்டது. உன் கையால் வைத்த கருவாட்டுக் குழம்பை டாக்டர் சாப்பிடச் சொன்னதாக ஒரு பொய் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அருள்செல்வி

*

ராஜபாளையம்.
30 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

ஈஸ்வரி எழுதுகிறேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. எதையும் கிழிக்கவில்லை.

உங்கள் ஆகஸ்டு கடிதத்தைப் படித்த அன்றைக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரு நைட்டிக்கு இரண்டு வலது கை வைத்துத் தைத்துவிட்டேன். அவ்வளவு கோபம். பணம் போனது ஒரு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்து தோசையைச் சாப்பிட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தீர்களே, அதுதான் ஆறவே இல்லை. உங்களைப் பார்த்தால் என்ன கேட்பேன் என்று மாதக்கணக்கில் மனசுக்குள் பேசிப் பார்த்தேன்.

பிறகு ஒன்று தோன்றியது. மே மாதம் நீங்கள் போன் செய்து விற்றுவிடு என்று சொல்லியிருந்தால் நான் விற்றிருப்பேனா? விற்றிருக்க மாட்டேன். அக்காவுக்கு ஆபரேஷன் பயம், அதுதான் எதைப் பார்த்தாலும் பயப்படுகிறார் என்று சொல்லியிருப்பேன். பணம் எப்படியும் விழுந்திருக்கும். ஆனால் நீங்கள் சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த வருஷத்தைத் தள்ளியிருப்போம். அதைத்தான் உங்களால் எனக்குத் திருப்பித் தர முடியாது. மற்றதை நான் விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் நான் பேசியதைப் பெரிதாக எழுதியிருந்தீர்கள். நடந்தது வேறு. தூணுக்குப் பின்னால் நீங்கள் நின்றதை நான் பார்த்துவிட்டேன். இனி இங்கே இருக்கக் கூடாது, வீட்டுக்குப் போவோம் என்றுதான் எழுந்தேன். நான் பேச எழுந்ததாக நினைத்து ஜெபக்குமார் சார் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு என்ன செய்வது? சாயம் போன துணி அன்றைக்குக் காலையில்தான் ஒரு தான் வந்திருந்தது, அந்த எரிச்சலைப் பேசினேன். அதற்கு நாலு பேர் ஓட்டுப் போட்டிருந்தால் நல்லதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பங்கு நேற்று முப்பத்து நாலில் முடிந்திருக்கிறது. பழைய விலை இல்லை. ஆனால் போன வருஷம் இந்த நேரம் ஒன்றுமே மிஞ்சாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத்தாய் ஷெட்டை யாருக்கும் கொடுக்கவில்லை, எனக்காகக் காத்திருந்தாள் என்று சொல்ல ஆசைதான். அவள் தீபாவளிக்கே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்குப் பின்தெருவில் சின்னதாக ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நாலு மிஷின் கொள்ளாது, மூன்று கொள்ளும். பழைய பவர் மிஷின் மூன்று விலை பேசியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் என் பங்கில் இரண்டாயிரத்தை விற்கப் போகிறேன். மீதி இரண்டாயிரம் இருக்கட்டும். சத்யப்பிரியாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று இருந்தேன். இந்தக் கடிதம் திங்கட்கிழமைக்கு முன்னால் வந்து சேராது என்று உங்கள் இலாகாவைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் இதை நாளை பத்து மணி பஸ்ஸில் நானே கொண்டு வந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். முன்னால் உட்கார்ந்து பேசினால் அழுதுவிடுவேன், அதற்குத்தான் எழுதியும் வைத்தேன்.

படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். நான் எதிரில்தான் இருக்கிறேன்.

தங்கை,
ஈஸ்வரி