யாரிடமும் சொல்லாத ஒருவரின் நம்பர்

அம்மா,

மனநல ஆலோசகரைப் பார்க்கப் போகிறேன் என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ அதை உன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாய். "தனியா போனா நாலு பேரு என்ன நினைப்பாங்க? அவரே கூட்டிட்டுப் போகட்டும்" என்றாய்.

கூட்டிப்போனார். என் பல்லை உடைத்த கையாலேயே எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பெண், "குடுத்து வச்சவங்க நீங்க" என்று சிரித்தாள்.

உள்ளே, தூக்கம் வரவில்லை என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே அவர் செருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆலோசகருக்குப் புரிந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லாத ஒருத்தர் நம்பர் குடுங்கம்மா. இனி அவங்க மூலமா பேசிக்கலாம்" என்றார், குரலைத் தாழ்த்தி.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் உன்னுடையதுதான் அம்மா. வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, என் முதுகுத் தழும்பைப் பார்த்தும் ஊரில் யாரிடமும் மூச்சுவிடாத ஒருவரின் நம்பரைக் கைப்பேசியில் தேடிக் கொடுத்தேன். அவர்தான் என்னை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன்.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே, முகவரி எழுதவில்லை. எழுதினால் மகளைப் பார்க்க ஓடி வருவாய். வரும்போது உன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் வருவாய்.

உன் மகள்