ஈயம் கண்டுபிடித்த நாளிலிருந்து

செவ்வாய், இரவு.

யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன். இன்று டாக்டரம்மா என் அக்கா மகன் சேகரின் விந்தணுப் படையைப் பார்வையிட்டார். மொத்தச் சேனையும் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கிறதாம்!

"எண்ணிக்கை கம்மி, வேகமும் இல்ல. என்ன வேலை பண்றீங்க?"

"ஒரு ஷெட்டுல பழைய பேட்டரி உடைச்சு ஈயம் உருக்குறோம் மேடம். நானும் மாமாவும்."

"அந்தப் புகையால இருக்கலாம். முதல்ல வேலைய விடுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்."

ஆட்டோவில் மர்பி டவுனிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். இறங்கும்போதுதான் சேகர் கேட்டான். "மாமா, நீ எத்தினி வருசமா அந்த ஷெட்டுல இருக்க?"

"ஈயம் கண்டுபிடிச்ச நாள்லேர்ந்துடா!"

அவன் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

எங்களுக்குக் குழந்தை இல்லையென்று சொந்தக்காரர்கள் என் மனைவி சரோஜாவைத்தான் மலடி என்றார்கள். கோயில் கோயிலாக அவள்தான் விரதம் இருந்தாள். இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். விழித்துக்கொண்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுவிடுவாளோ என்று செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

சேனை, சிக்னல், ஹாரன் எல்லாம் நான் விட்ட சரடு. ஈயம் கண்டுபிடித்த நாள் என்றதில் மட்டும் கொஞ்சம் நிஜம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் அந்த ஷெட்டில்தான் இருக்கிறேன். என்னை யாரும் டெஸ்ட் எடுக்கச் சொன்னதில்லை.