திருப்பி அனுப்பிய பொம்மை

வெர்மான்ட், டிசம்பர் 9

அன்புள்ள அக்கா,

ஹேசலின் பிறந்தநாளுக்கு நீ ஒஹாயோவிலிருந்து அனுப்பிய பொம்மையை, "எங்கள் வீட்டுக்குள் பிளாஸ்டிக் வராது" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதன்பின் உன் போனே இல்லை.

இங்கே எல்லோரும் நலம். மாதத்துக்கு ஒரு ஜாடிக் குப்பைதான் சேர்கிறது. காய்கறித் தோல்கூட உரக்குழிக்குப் போய்விடுகிறது.

நேற்று கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தோம். பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த ஹேசல் உன் பெயர் வந்ததும் நிறுத்தினாள்.

"அம்மா, பெரியம்மாவையும் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டோமா?"

அந்தச் சீட்டை வாங்கி உன் பெயரை நானே எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு அக்கா. எதை வேண்டுமானாலும், எதில் சுற்றி வேண்டுமானாலும் கொண்டு வா. கையில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் உன்னைக் கட்டிக்கொள்வேன்.

உன்
பிடிவாதக்காரத் தங்கை