பாட்டு ஏறும், பாடினவள்?

எந்த உலகத்தில் இருந்தாலும் பாட்டுக் கேட்கிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரிக்கார்டுக் கடையை உங்கள் தம்பி பேரில் எழுதி வைத்துவிட்டுப் போனவர் நீங்கள். அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. ஆனால் இன்றைக்குச் சண்டை போட எழுதவில்லை. பயமாக இருக்கிறது. சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

நம் மகள் வயிற்றுப் பேத்தி கோமதி, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படிக்க வந்து என்னோடு இருக்கிறாளே, அவள் இப்போது கோவளத்தில் ஒரு ஹோட்டலில் இங்கிலீஷ் பாட்டுப் பாடுகிறாள். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்களாம். அதைக் கேட்ட பம்பாய் ரிக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். இவளைப் பாட வைத்து லண்டனுக்கு அனுப்புவாராம். அங்கே வாராவாரம் விற்பனையைப் பார்த்துப் பாட்டுகளுக்கு இடம் போடுகிறார்களே, அந்த வரிசையில் இவள் பாட்டு ஏறுமாம். ஆச்சி சம்மதித்தால் போகட்டும் என்று மகளும் மருமகனும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாரம் என் தலையில்.

அந்த வரிசையை எனக்குத் தெரியாதா? பழவங்காடிக் கடைக்கு உங்களுக்குச் சோறு கொண்டுவந்த நாளெல்லாம் பார்த்தேனே. ரேடியோவில் கேட்டு, எந்தப் பாட்டு எத்தனையாவது என்று பலகையில் சாக்பீஸால் எழுதி வாசலில் தொங்கவிடுவீர்கள். காலேஜ் பிள்ளைகள் வந்து மொய்க்கும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ரிக்கார்டு அட்டையின் நிறமும் அதிலிருக்கும் முகமும் போதும். எது ஏறினது, எது விழுந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். மெல்ல ஏறின பாட்டு கொஞ்சம் தங்கும். தாவி ஏறினது அதே வேகத்தில் இறங்கும். அமெரிக்காவில் முதலாவதாக நின்ற பாட்டுக்கு லண்டனில் பேரே இருக்காது.

கொடுமை என்னவென்றால், ரிக்கார்டு பம்பாய், மெட்ராஸ் எல்லாம் சுற்றி நம் கடைக்கு வருவதற்குள் அங்கே அது விழுந்திருக்கும். இங்கே அன்றைக்குத்தான் பிறந்த பிள்ளை மாதிரித் தூக்கிக் கொண்டாடுவார்கள்.

மஞ்சள் அட்டையில் ஒரு பெண் இருந்தாளே, முன்பல் கொஞ்சம் எடுப்பாக? அவள் பாட்டும் முதலிடத்தில் நின்றதுதான். அடுத்த ஓணத்துக்கு அவளைக் கேட்க ஆள் இல்லை. "அந்தப் பிள்ளை இப்பம் என்ன பண்ணுது?" என்று உங்களிடம் கேட்டேன். கடை நிறைய ஆள். "ஏட்டி, அவ உனக்குச் சித்தி மவளா? சோத்தை வச்சிட்டுப் போ" என்றீர்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் மறக்கவில்லை. பதிலும் நீங்கள் சொல்லவில்லை. இப்போதாவது தெரியுமா?

சனிக்கிழமை சாயங்காலம் கோமதி ரேடியோவில் அந்த வரிசையை வைத்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு வந்ததும் என் கை நின்றுவிட்டது.

"இது அந்த மஞ்ச அட்டைக்காரி பாட்டுல்லா?"

கோமதி துள்ளினாள். "அதேதான் ஆச்சி! பழைய பாட்டு, திரும்ப லிஸ்ட்ல ஏறிட்டு. கண்டீங்களா? விழுந்தா விழுந்ததுதான்னு சொன்னீங்களே!"

"குரல் வேறயா இருக்கே."

"ஓ, இது இப்பம் வேற ஒருத்தி பாடினது."

"அப்பம் அவ எங்கே?"

"எவ?"

"முதல்ல பாடினவ."

கோமதி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். "அறியில்ல ஆச்சி" என்றாள். பாட்டு திரும்பி வந்துவிட்டது. பாடினவள் வரவில்லை.

"எனக்கும் பேடியுண்டு ஆச்சி, பயமாத்தான் இருக்கு" என்றாள் பிறகு, தலையைக் குனிந்துகொண்டே. "அதுக்காக வாயை மூடிட்டு இருக்கச் சொல்லுதீங்களா?"

என்ன சொல்வேன்? போகாதே என்றால் இருந்துவிடுவாள், அது தெரியும். என் கண் முன்னாலேயே சத்தமில்லாமல் இருப்பாள். அதை நினைத்தாலும் பயம்தான். போ என்றால், அங்கே அவள் விழுந்த சேதி எனக்கு எப்போது வரும்? உங்கள் ரிக்கார்டு வந்த மாதிரித்தானே வரும்? அவள் அங்கே அழுதுகொண்டிருப்பாள். 'ஆச்சி, நான் சுகம்' என்ற பழைய கடிதத்தை இங்கே நான் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் பம்பாய்க்காரர் வந்தார். மலையாளி. காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"நானும் வாரேன்."

"அம்மைக்கு அங்க எந்தா காரியம்? சமையலுக்கு ஆளுண்டு."

"சமைக்க வரல்ல. பயப்பட வாரேன். இங்க தனியா இருந்து பயந்தா அவளுக்கு என்ன பிரயோசனம்?"

அவர் சிரித்தார். கோமதி சிரிக்கவில்லை. "ஆச்சி வந்தா நான் வாரேன் சார், இல்லன்னா இல்ல" என்றாள். சம்மதம் கேட்க வந்த மனிதர் சம்மதித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து லண்டன். "இந்த வயசுல ஊர் சுத்தவா மதினி?" என்று உங்கள் தம்பி கேட்டார். அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். பாஷை தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். அவளை எல்லாரும் தூக்கி வைத்துக் கொண்டாடும்போது நான் பின்னால் நின்றுகொள்வேன். கூட்டம் அடுத்த பாட்டுக்காரியைத் தேடிப் போகிற அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் விட மாட்டேன்.

உங்கள் மேல் கோபம் தீராத,
கோமதியின் ஆச்சி,
உங்கள் பெண்டாட்டி.