ஏழு எலிகள்

மார்ச் 3

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் ஒட்டகம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. போன் செய்தால் எடுப்பதில்லை. நீ பால் பண்ணையில், பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாய் என்று நம் ஹாஸ்டல் வார்டன்தான் விலாசம் கொடுத்தார். நலமா? அந்த முதுகு வலி குறைந்ததா?

சுற்றி வளைக்கத் தெம்பில்லை. என் வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி. ஜனவரியில் ஒருநாள் காலை, ஸ்பூனை என்னிடம் நீட்டி, "இந்தச் சாவியைக் கழுவி வையேன்" என்றார். நான் சிரித்தேன். பாவி, சிரித்தேனடி. ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் வேர் அப்படியே இருக்கிறது. 24ஆம் தேதி கதிர் சிகிச்சை தொடங்க வேண்டும்.

நம் மருந்து இப்போது மனிதர்கள் மேல் சோதனைக்குப் போயிருக்கிறது. அதே தங்க நானோ துகள்தான். ஊசியில் ஏற்றினால் கட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் மேல் கதிர் பட்டால் கட்டிக்கு இரட்டைச் சூடு. துறையில் எல்லாரும், "மேடம் வீட்டு சாருக்கு இல்லாத மருந்தா?" என்கிறார்கள். அவரும், "உன் மருந்து இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்கிறார்.

எனக்குப் பயம். மூளையில் கட்டி வளர்த்துச் சோதித்தோமே, அந்த ஏழு எலிகள். மருந்து போட்ட கூண்டில் ஏழும் செத்தபோது, எந்தக் கூண்டுக்கு மருந்து என்று குறித்த கூண்டு அட்டைகளை நீ மாற்றிவிட்டாய் என்று எழுதி, அவற்றை ஆய்விலிருந்தே தள்ளினேன். அவற்றின் மூளையைச் சீவிக் கண்ணாடித் தகடுகளில் வைத்தவள் நீ. நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தகடுப் பெட்டி இங்கே இல்லை, உன்னிடம்தான் இருக்க வேண்டும். அவை மருந்தால் செத்தனவா? ஒரே ஒரு வரி எழுது, போதும்.

உன்,
ஒட்டகம்


மார்ச் 8

மதிப்புக்குரிய மேடத்துக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகு வலி எனக்கல்ல, உனக்கு. தைலம் தேய்த்துவிட்டதுதான் நான்.

அண்ணன் விஷயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது நிஜம். ஹாஸ்டல் வாசலில் உனக்காகக் கால் கடுக்க நின்றபோதெல்லாம் எனக்கும் சேர்த்து ஐஸ்கிரீம் வாங்கி வந்த மனுஷன். கையால் கடிதம் எழுதியிருக்கிறாயே என்று முதலில் உருகிப்போனேன். அப்புறம்தான் உறைத்தது. ஈமெயில் என்றால் ஆபீசில் ஆதாரமாகத் தங்கிவிடும், இல்லையா?

ஏழு எலிகளைக் கேட்கிறாயா? அதான் எழுதிக் கையெழுத்தே போட்டாயே, "உதவியாளரின் கவனக்குறைவால் கூண்டு அட்டைகள் மாறின" என்று. மேடம் எழுதினால் தப்பாகுமா? தைரியமாகப் போடு ஊசியை. அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு நாலு ஆய்வகம் ஏறி இறங்கினேன். நாலாவது இடத்தில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "எலிக் கூண்டையே பாத்துக்கத் தெரியலை, இங்க வந்து என்னத்தம்மா பாத்துக்கப் போறீங்க?" என்றார். இப்போது பாலில் தண்ணீர் கலக்கிறவர்களைப் பிடிக்கிறேன். வாரத்துக்கு நாலு பேரிடம் வசவு வாங்குகிறேன். மற்றபடி நிம்மதியான வேலை.

ஒன்று மட்டும் சொல். இதுவரை எத்தனை பேருக்கு அந்த ஊசியைப் போட்டாய்? அப்போதெல்லாம் இந்த ஏழு எலிகள் உன் ஞாபகத்துக்கு வரவில்லையா?

குண்டூசி


மார்ச் 14

என் குண்டூசிக்கு,

குத்து. எவ்வளவு வேண்டுமானாலும் குத்து, வாங்கிக்கொள்கிறேன்.

பதினொரு பேர். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். முற்றிப்போன பிறகு வந்தவர்கள். அப்படித்தான் எழுதியிருக்கிறோம். எலிகள் ஞாபகம் வந்ததா என்று கேட்டாய். வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இவருக்கு என்றதும்தான் வந்தது.

என்னை மன்னித்துவிடு. அந்த வருஷம் கட்டுரை வெளிவராவிட்டால் என் ஆய்வகத்தையே இழுத்து மூடியிருப்பார்கள். உன்னைப் பலி கொடுத்துத்தான் நான் பிழைத்தேன். திரும்பி வந்துவிடு. உனக்குத் தனி அறை தருகிறேன், அடுத்த கட்டுரையில் உன் பெயரை முதலில் போடுகிறேன்.

நேற்று அவரிடம், "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "டாக்டரம்மா" என்றார். நான் டாக்டரே இல்லையடி. ஊசி போட்டு நானே கொன்றுவிடுவேனோ, போடாமல் விட்டுச் சாகடித்துவிடுவேனோ என்று சோறு இறங்கவில்லை. பத்தே நாள்தான் இருக்கிறது. உன் காலில் விழுகிறேன், சொல்லிவிடு.

ஒட்டகம்


மார்ச் 17

ஒட்டகத்துக்கு,

பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. எல்லாத் தகடுகளையும் பார்த்தும்விட்டேன். பதில் எனக்குத் தெரியும்.

அறையும் வேண்டாம், பெயரும் வேண்டாம். ஒரு வேலை செய். எந்த ஆதாரமும் பார்க்காமல் ஏழு எலிகளை நீயே தள்ளிவிட்டாய் என்று அந்தப் பதினொரு வீட்டுக்கும் எழுது. ஆய்வைக் கண்காணிக்கும் குழுவுக்கும் ஒன்று அனுப்பு. நகல் என் கைக்கு வந்த நிமிஷமே உனக்குப் போன் செய்கிறேன். உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை.

அண்ணன் உயிரை வைத்துப் பேரம் பேசுகிறாளே என்று திட்டுவாய். திட்டு. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் வீட்டுக்காரருக்காக நீ தெரிந்துகொள்ளத் துடிக்கிறதை, அந்த வீடுகளில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தபால் இங்கே வந்து சேர இரண்டு நாள் ஆகும். நாள் பார்த்துக்கொண்டு இருக்காதே.

குண்டூசி


மார்ச் 21

அன்புத் தோழிக்கு,

நிறைய யோசித்தேன். நீ சொன்னபடி எழுதியும் பார்த்தேன். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். ஆய்வு நின்றால் நாற்பது பேருக்கு வேலை போய்விடும். எல்லாருக்கும் குடும்பம் இருக்கிறது.

நல்லவேளையாக வேறு வழி தோன்றியது. அவருக்கு நம் மருந்தே வேண்டாம். வெறும் கதிர் மட்டும் கொடுக்கப் போகிறோம். கட்டியின் அளவு ஆய்வு விதிக்குப் பொருந்தவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அவர் முகம்தான் வாடிப்போனது. "என்ன இது, எனக்கு மட்டும் இடமில்லையா?" என்றார். சமாதானப்படுத்திவிட்டேன்.

அவருக்கென்று வைத்திருந்த இடத்தை ஒரு பஸ் டிரைவருக்குக் கொடுத்தோம். முப்பத்தாறு வயசு, இரண்டு குழந்தைகள். அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்க வீட்டு ஆளுக்குன்னு வெச்சிருந்ததாமே, எங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே" என்று அழுதாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஆகையால் உன் பதில் இனி எனக்குத் தேவைப்படாது. பழசையெல்லாம் விட்டுவிடுவோம். நீ ஒருநாள் வீட்டுக்கு வா. உன்னைப் பார்த்தால் அவர் சந்தோஷப்படுவார்.

அன்புடன்,
உன் ஒட்டகம்


மார்ச் 26

ஒட்டகத்துக்கு,

உன் கடிதம் 23ஆம் தேதி காலையிலேயே வந்துவிட்டது. உனக்குப் போன் செய்ய ஒரு முழுப் பகல் இருந்தது. நான் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

கூண்டு அட்டைகள் மாறித்தான் இருந்தன. மாற்றியது நான்தான். கூண்டு கழுவிய அன்று நனைந்துபோன அட்டைகளைக் காயவைத்து, திரும்பச் செருகும்போது தவறாகச் செருகியிருக்கிறேன். எனக்கே தெரியாது. வேலை போன இரண்டாவது வருஷம், நீ பொய் சொன்னாய் என்று நிரூபிக்கத்தான் பெட்டியைப் பண்ணைக்கு எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செத்த ஏழின் மூளையிலும் தங்கம் ஒரு புள்ளிகூட இல்லை. அவை மருந்தே போகாத எலிகள். கட்டியால் செத்தவை. மருந்து போன எலிகள் பக்கத்துக் கூண்டில் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

பொய் என்று நினைத்துக்கொண்டு நீ எழுதிய வரி உண்மை. அதை உன்னிடம் சொல்ல எனக்கு ஏழு வருஷமாக வாய் வரவில்லை. தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டால், அப்புறம் உன்னை எதை வைத்து வெறுப்பேன்?

பதினொரு வீட்டுக்கு நீ எழுதியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அண்ணனுக்கு மருந்து கிடைத்திருக்கும். பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு வருஷம் கூட இருந்திருக்கலாம். இப்போது கதிர் தொடங்கிவிட்டது. தொடங்கியபின் யாரையும் சேர்க்கக்கூடாது என்று விதி எழுதியதும் நீதான். விஷமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட மருந்தைத்தானே அந்த டிரைவருக்குப் போட்டாய்? அது நல்ல மருந்து. அவர் கொடுத்துவைத்தவர்.

அண்ணன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் விஷயத்தில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. என் பாதியோடு நான் தூங்கப் பழகிக்கொள்ள வேண்டும், முடியுமா என்று தெரியவில்லை.

பெட்டியையும் உன் மூன்று கடிதங்களையும் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் மருந்து நல்லது என்று இனி எல்லாருக்கும் தெரியும், பாராட்டக்கூடச் செய்வார்கள். எல்லாக் கடிதங்களுக்கும் ஒரு நகல் எடுத்து உங்கள் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன், அண்ணன் பெயருக்கு. பெரிய எழுத்தில் டைப் அடித்திருக்கிறேன். அவருக்கு வாசிக்கச் சிரமமாக இருக்காது.

இப்படிக்கு,
குண்டூசி