எண்ணெய் குடித்த தூண்கள்

நைனா,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் இலுப்பை எண்ணெய் வாசனை போகவில்லை. உட்காரவும் முடியவில்லை. லாரி சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். திருப்போரூர்ப் பக்கம் வீட்டுமனை பிரித்து நடுகிற மனைக்கல் ஏற்றிப் போகிற லாரிதான். திரும்பி வந்து எழுதுகிறேன்.

போகி வந்தால் நம் முற்றத்துத் தூண்கள் நான்குக்கும் எண்ணெய் தேய்ப்போம். மேல்பாதி உனக்கு, கீழ்ப்பாதி எனக்கு. நடுவில் யாராவது உன்னைத் தேடி வந்தால் நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். எட்டாவதோடு பள்ளியை விட்ட பிறகு அந்தக் கூச்சம் இன்னும் அதிகமானது.

"இப்டியே ஒளிஞ்சிகினு இருந்தா, பொண்ணு பாக்க வர்றவன் தூணத்தான் பாத்துட்டுப் போவான்" என்பாய்.

"தூணு அழகாத்தான கீது" என்பேன்.

அந்தத் தூண்களைத் தரையில் புதைக்கவில்லை. கல்லின் மேல் சும்மா நிற்கின்றன. நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து வந்து அவற்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. "மேல கீற பாரந்தான் அத்தப் புடிச்சிகினு கீது" என்று நீ காட்டியபோது எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டால்?

"எவன் எடுக்கப் போறான்?" என்று சிரித்தாய்.

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் போகி இது. "இந்த வாட்டி தூணுக்கு எண்ண வாணாம்" என்றார் சித்தப்பா. சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் என்று அம்மாதான் பிறகு சொன்னாள். மாமல்லபுரம் கடற்கரையில் கட்டுகிற ஓட்டலுக்குச் சித்தப்பா தூண்களை விலை பேசிவிட்டாராம். பாலிஷ் பிடிக்க மரம் காய்ந்திருக்க வேண்டுமாம். இங்கே சிமெண்ட்டுத் தூண் வருமாம். அதுவரை கூரையை ஜாக்கி தாங்குமாம். எத்தனை புயலுக்கு அசையாத கூரை, ஜாக்கியில் நிற்குமா?

இன்று காலை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, உன் பாதியையும் தேய்த்தேன். கடைசித் தூணில் இருந்தபோது வாங்குகிறவர் சித்தப்பாவோடு உள்ளே வந்தார். தூணைத் தொட்டார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னா பாப்பா, ஊறுகா மாரி ஊற வெச்சிகீறே?"

"தெரியாம தேச்சிடுச்சிண்ணே. நாலு நாள்ல காஞ்சிடும்" என்றார் சித்தப்பா.

"இலுப்பெண்ண எங்க காயறது? மாசி பொறக்கட்டும், வந்து பாக்குறேன்."

பழக்கத்தில் தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தேன். சாய்ந்து ஒளிய முடியவில்லை, அவ்வளவு எண்ணெய். நேராக அவரைப் பார்க்க வேண்டியதாயிற்று.

"மாசிலயும் தேய்ப்பேன்" என்றேன்.

அடுப்பங்கரையில் அம்மிச் சத்தம் நின்றது. சித்தப்பா என்னைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மாசியில் வருவாரா, தெரியவில்லை. சித்தப்பா சாப்பிடாமல் வயல் பக்கம் போயிருக்கிறார். மறுபடியும் ஏதோ லாரி. பார்த்துவிட்டு வந்தேன், இதுவும் மனைக்கல்தான். வரும் வழியில் கவனித்தேன், பரண்மேல் இருந்த எண்ணெய்ப் புட்டியை அம்மா கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள்.

ஸ்டூல் முற்றத்திலேயே இருக்கிறது நைனா. உன் மேல்பாதியும் இனி என்னுடையதுதான்.