அந்த மண்டபத்தில் உன் படம் தொங்காது

என் தங்கமே பவானி,

உனக்குக் கருமாதி முடிந்த மறுவாரமே ஜெலுத்தோங் மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்துவிட்டார்கள். மேடையில் யார் தெரியுமா? நம் சித்தப்பா மகன் மணியம். மண்டபத்தை நடத்தும் சங்கத்துக்கு இப்போது அவன்தான் தலைவன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

"பினாங்குல நம்ம பொம்பளைங்கள்ல மொதமொதல்ல ஜட்ஜு நாற்காலியில உக்காந்தது எங்க அக்காதாங்க!" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள்.

நீ கறுப்புக் கோட்டு போட்ட புதிதில், "வாதாட ஆம்பள கெடைக்கலயாலா?" என்று கேட்டவன் இவன். கோர்ட்டில் உன்னை டைப்பிஸ்ட் என்று நினைத்து ஃபைலை நீட்டினார்களாம். டத்தோ கிராமாட் சாலையில் நம் வீட்டு அடுப்படியில் அதைச் சொல்லி நீ சிரித்தாய். ஃபைலை நீட்டியவர்களின் பெயரை நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.

நீதிபதியானதும் சொந்தக்காரர்களையும் வாசலோடு நிறுத்தினாய். நம் ஆட்களுக்கு வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படியேறத் தெரியாது. உனக்கோ எதையும் வாங்கத் தெரியாது. மணியத்தின் லாரி ஒருவரை மோதிய வழக்கு வேறொரு நீதிபதியிடம் இருந்தது. "அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கக்கா" என்று பழக்கூடையோடு வந்தான். நீ வெளியே வரவே இல்லை. கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டான். திருப்பிக் கொடுக்க யாரை அனுப்பினாய்? என்னை.

அவன் வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் பார்க்க, "ஜட்ஜம்மா வீட்டு வேலைக்காரி வந்துட்டாங்கலா! மூணாவது படிச்சதுக்கே இவ்ளோ திமிரா?" என்றான். நான் உன்னிடம் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று நீயும் கேட்கவில்லை. ஊரார் சாட்சியையெல்லாம் பொறுமையாகக் கேட்டவள், என்னை மட்டும் ஏன் கேட்கவில்லை?

அம்மா இறந்தபோது அவன் பேச்சைக் கேட்டு ஒரு சொந்தக்காரனும் வரவில்லை. பாடைக்குத் தோள் கொடுக்க ஆள் இல்லை. முனைக்கடை காசிம் பாய் கடையைச் சாத்திவிட்டு மகன்களைக் கூட்டி வந்தார். "எங்களுக்கும் அம்மாதாங்க" என்றார். நீ சுவரைப் பார்த்து நின்றாய். மறுவாரம் கோர்ட்டுக்குப் போய்விட்டாய்.

கூட்டம் முடிந்ததும் மணியம் என்னிடம் வந்தான்.

"அக்கா, அங்கி போட்ட படம் ஒண்ணு குடுங்க. பெருசாக்கி இங்க மாட்டிருவோம். கீழ என் பேரும் இருக்கும். என் பேத்தி சட்டம் படிக்கப் போறா, நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதானே."

"எங்கம்மாவத் தூக்க ஆளில்லாதப்ப எங்கலா இருந்த?"

"அதெல்லாம் பழசுக்கா. செத்தவங்கள வச்சு சண்ட வேணாம்."

"செத்தவள வச்சுத்தான்டா நீ வந்திருக்க. படம் கெடையாது, போ."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நீ இருந்திருந்தால் "விடுக்கா" என்று என் கையைப் பிடித்து இழுத்திருப்பாய்.

தீர்ப்புச் சொன்ன கையோடு நீ அடுத்த வழக்குக்குப் போய்விடுவாய். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. உன் சார்பில் யாரையும் மன்னிக்க மாட்டேன், இது சத்தியம். உன்னையே இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அதை அங்கே வந்து பேசிக்கொள்கிறேன். அதுவரை உன் படம் என் அறையில்தான். விளக்கை நான் ஏற்றுகிறேன்.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற
உன் அக்கா பாக்கியம்